முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழாம் மாதம் தொடங்கி வலி வரும் நாள்வரை தமிழ்நாட்டு வீடுகளில் எழும் கேள்விகள் இவை. உங்கள் மருத்துவர் சொன்னதற்கு மாறாக இங்கே ஏதாவது தென்பட்டால் அவர் சொன்னபடியே செய்யுங்கள். உங்கள் ரிப்போர்ட்டுகளைப் பார்த்தவர் அவர்தான்.

மாமியார் எட்டாம் மாதம் நடக்கிறது என்கிறார். ஸ்கேனில் 30 வாரம் என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரிதான், கணக்கு வேறு. கர்ப்ப காலம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள். அதை 28 நாள் மாதங்களாக வகுத்தால் பத்து வரும். 'பத்து மாதம் சுமந்து' என்று சொல்வது இந்தக் கணக்குப்படிதான். நாட்காட்டி மாதமாக எடுத்தால் அதே 280 நாள், ஒன்பது மாதமும் ஒரு வாரமும். தவிர, பெரியவர்கள் நடக்கிற மாதத்தைச் சொல்வார்கள், மருத்துவமனையில் முடிந்த வாரத்தைச் சொல்வார்கள். 30 வாரம் என்றால் 210 நாள். 28 நாள் கணக்கில் ஏழு முடிந்து எட்டு நடக்கிறது, நாட்காட்டிக் கணக்கில் ஏழே இன்னும் முடியவில்லை.

தேதியை நீங்களே போட்டுப் பார்க்கலாம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஏழு நாளும் ஒன்பது மாதமும் கூட்டுங்கள். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. மாதவிலக்கு சீராக வராதவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனின் தேதியே ஆதாரம். ஏழாம் எட்டாம் மாத ஸ்கேனில் தேதி பத்து நாள் முன்னே பின்னே காட்டினாலும் பழைய தேதியை மாற்றிக்கொள்ள வேண்டாம். அந்த வயதில் ஸ்கேன் அளப்பது குழந்தையின் பருமனை. பருமன் குழந்தைக்குக் குழந்தை வேறுபடும்.

இந்தக் கணக்கு எதற்கு என்றால், 37 வாரம் முடிந்தபின் எந்த நாளும் பிரசவ நாளாகலாம். குறித்த தேதிக்கு மூன்று வாரம் முன்பே அந்தக் காலம் தொடங்கிவிடுகிறது. ஆகவே துணி, பை, பணம், வண்டி எல்லாம் 36ஆம் வாரத்துக்குள் தயாராக இருக்கட்டும். காலண்டரில் வட்டம் போடுவதானால் குறித்த தேதியை விட்டுவிட்டு, அதற்கு நான்கு வாரம் முந்தைய நாளில் போடுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டையும் காலையில் ஒன்றாகப் போட்டுக்கொண்டால் என்ன?

ஒன்றாகப் போட்டால் கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் ரத்த அளவு ஏறவில்லை என்று வருபவர்களில் பலர் செய்யும் தவறு இதுதான். இன்னொரு தவறு, மாத்திரை போட்ட கையோடு காபியோ டீயோ குடிப்பது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். கால்சியம் 500 மில்லிகிராம், தினம் இரண்டு. நடைமுறையில் ஒத்துவரும் வரிசை: காலைச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், இரவுச் சாப்பாட்டோடு இன்னொன்று. இரும்பு மாத்திரை மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீரோடு. மாலைக் காபி அதிலிருந்து இன்னும் ஒரு மணி நேரமாவது தள்ளி. குமட்டல் இருந்தால் இரும்பை இரவு படுக்கும்போது, கால்சியத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் போடலாம்.

மலம் கறுப்பாகப் போகும். பயப்பட ஒன்றுமில்லை. மலச்சிக்கல் வரும்; அதற்காக மாத்திரையை நிறுத்தாமல் கீரை, கொய்யா, ஊறவைத்த உலர்திராட்சை, தண்ணீர் என்று கூட்டிப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் வேறு வகை இரும்பு மாத்திரை கேளுங்கள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. முருங்கைக்கீரையும் பேரீச்சையும் நல்லவைதான், ஆனால் எட்டில் இருப்பதை அவை மட்டும் பதினொன்றாக்கிவிடாது.

திருநீறு, பச்சரிசி, சுவரின் சுண்ணாம்பு தின்ன வேண்டும்போல் இருக்கிறது. மசக்கைதானே?

பெரும்பாலும் ரத்தசோகையின் அடையாளம் அது. வெட்கப்பட்டு மறைக்கிறார்கள், அதனால் மருத்துவமனையில் யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை போகும்போது நீங்களே சொல்லுங்கள். ரத்தம் ஏறினால் ஆசை தானாக அடங்கும். ஒரு கைப்பிடி பச்சரிசியால் பெரிய கேடு வந்துவிடாது. மண்ணில் குடற்புழு முட்டை இருக்கலாம், பழைய சுவரின் வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். கற்பூரம் நஞ்சு. அதை மட்டும் முகர்ந்தோ மென்றோ பார்க்கவே வேண்டாம். தின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பப்பாளி, அன்னாசி, எள், குங்குமப்பூ, கிரகணம்?

காயாகவோ செங்காயாகவோ உள்ள பப்பாளியில் பால் இருக்கிறது, தவிர்ப்பது சரி. நன்கு பழுத்ததில் அந்தப் பால் இல்லை, ஆனாலும் வீட்டில் சண்டை வேண்டாமென்றால் கொய்யா சாப்பிடுங்கள். அன்னாசி இரண்டு துண்டு தின்றால் எதுவும் ஆகாது. எள்ளுருண்டை ஒன்று கால்சியம் தரும். குங்குமப்பூவால் நிறம் மாறாது; நிறம் பெற்றோரிடமிருந்து வருவது. விலையைப் பார்த்தால் அந்தக் காசுக்கு ஒரு மாதத்து முட்டை வாங்கலாம்.

கிரகண நேரத்தில் வீட்டுக்குள் இருப்பதால் நட்டமில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருப்பதுதான் கெடுதல். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் கெடுதல்.

மீனில் நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்கள் நல்லவை. சுறாவை இப்போது தவிர்த்துவிடுங்கள். பெரிய மீன் சிறு மீன்களைத் தின்றே வளர்வதால் பாதரசம் அதில் சேர்ந்துகொண்டே போகும்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

அரசு மருத்துவமனைகளில் செய்யும் முறைக்கு வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. வெகு தூரத்திலிருந்து பட்டினியாக வரும் பெண்களை அலைக்கழிக்காத இந்த முறைக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்துவிட்டால் அன்றைய பரிசோதனை கணக்கில் சேராது, மறுநாள் செய்ய வேண்டும். எலுமிச்சை பிழிந்து தரச் சொன்னால் பலருக்கு உள்ளே இறங்கும். முதல் முறை போகும்போது ஒன்று, 24 முதல் 28 வாரத்துக்குள் ஒன்று. முதலில் சரியாக இருந்தது என்று இரண்டாவதை விட்டுவிடக் கூடாது.

குழந்தை அசைவை எப்படி எண்ணுவது?

28ஆம் வாரத்திலிருந்து தினம் ஒரே நேரத்தில் எண்ணுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பலருக்கும் வசதி. இடது பக்கம் சாய்ந்து படுத்து, டிவியை அணைத்துவிட்டு, கையில் பத்து புளியங்கொட்டை வைத்துக்கொள்ளுங்கள். உதை, உருளல், நெளிவு எதுவானாலும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டையைக் கிண்ணத்தில் போடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்தும் விழ வேண்டும். பெரும்பாலும் அரை மணியிலேயே விழுந்துவிடும். எவ்வளவு நேரம் ஆனது என்று காலண்டரில் குறியுங்கள்.

குழந்தை உள்ளே தூங்கும். ஒரு தூக்கம் 20 நிமிடம், 40 நிமிடம் என்று போகும், இரண்டு மணி நேரம் நீளாது. பத்து விழவில்லை என்றாலோ, தினம் 20 நிமிடத்தில் முடிவது திடீரென்று ஒன்றரை மணி நேரம் எடுத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், இரவானாலும். 'கடைசி மாதத்தில் இடமில்லை, அதனால் அசைவு குறையும்' என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். உதை நெளிவாக மாறுமே தவிர எண்ணிக்கை குறையாது. இந்த ஒரு சொல்லை நம்பி விடியட்டும் என்று காத்திருந்து குழந்தையை இழந்தவர்கள் உண்டு.

எந்த வீட்டு வேலையைச் செய்யலாம், எதை விட வேண்டும்?

சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் சமைப்பது, பெருக்குவது, நடப்பது எல்லாம் செய்யலாம். விட வேண்டியவை இரண்டு: தூக்குவது, வழுக்குவது. பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 15 கிலோவுக்கு அருகில் வரும். அதை இடுப்பில் வைத்து நடந்தால் வளைந்திருக்கும் முதுகு இன்னும் வளையும். அரைக் குடமாக இரண்டு நடை நடக்கலாம். இல்லையென்றால் வீட்டில் வேறு ஆள் இருக்கிறார்.

குளியலறைதான் வீட்டில் ஆபத்தான இடம். எட்டாம் மாதத்தில் வயிறு முன்னே வந்து பாதம் கண்ணுக்குத் தெரியாது. தரைப் பாசியை வாரம் இருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதைச் செய்வது கர்ப்பிணியின் வேலையல்ல, வீட்டிலுள்ள மற்றவர்கள் வேலை. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒரே நேரத்தில் ஊற்றக் கூடாது. கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைக்கும். எண்ணெய்க் குளியல் வேண்டுமென்றால் தலைக்கு மட்டும், வெதுவெதுப்பான தண்ணீரில், ஸ்டூலில் உட்கார்ந்து. எண்ணெய்க் காலோடு எழுந்து நடக்கும்போதுதான் விழுகிறார்கள்.

குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை மட்டும் உள்ள வீட்டில், நடுவில் துளையுள்ள பிளாஸ்டிக் கமோடு ஸ்டூல் ஒன்று வாங்கிப் போடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு தையல் இருக்கும்போது அதன் அருமை தெரியும்.

வளைகாப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஏழு அல்லது ஒன்பதாம் மாதத்தில் வைப்பது வழக்கம். உடம்பைப் பார்த்தால் ஏழாம் மாதமே மேல். ஒன்பதில் இரண்டு மணி நேரம் மணையில் உட்கார முடியாது. மணை போட்டே ஆக வேண்டுமென்றால் அதை நாற்காலியின் மேல் வைத்துவிடுங்கள், சம்பிரதாயமும் கெடாது.

கண்ணாடி வளையல் வழக்கமான அளவுக்கு ஒரு சுற்று பெரிதாக வாங்குங்கள்: 2.4 போடுபவருக்கு 2.6. கை வீங்கியிருக்கும், போடும்போது உடைந்து கீறும். ஊசி போடவும் நாடி பார்க்கவும் இடைஞ்சல் என்று பிரசவ அறையில் கழற்றச் சொல்வார்கள். தளர்வாக இருந்தால் சோப்பு நீரில் நழுவி வந்துவிடும். மோதிரத்தை எட்டாம் மாதத்திலேயே கழற்றி வையுங்கள். பிறகு நகைக்கடைக்காரரிடம் போய் வெட்டும்படி ஆகும். மருதாணி வைத்தால் அரைத்த இலையாக இருக்கட்டும். சீக்கிரம் கறுப்பாகச் சிவக்கும் கோனில் முடிச்சாயம் கலந்திருக்கலாம், தோல் கொப்பளிக்கும். ஆட்காட்டி விரல் நுனியை மட்டும் வெறுமனே விடுங்கள். ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை அங்கேதான் மாட்டுவார்கள்.

கலந்த சாதம் ஐந்து வகை செய்தால் 50 பேருக்கு வகைக்கு ஒரு கிலோ அரிசி போதும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளறி மதியம் இரண்டு மணிக்குப் பரிமாறும் தேங்காய்ச் சாதம்தான் மறுநாள் பாதி வீட்டை வயிற்றுப்போக்கில் படுக்க வைப்பது. புளியோதரையை முதலில் கிளறுங்கள், அது தாங்கும். தேங்காய்ச் சாதமும் தயிர்ச் சாதமும் கடைசியில். மாசமாக இருப்பவருக்கு எல்லாவற்றிலும் ஒரு கைப்பிடியைச் செய்த உடனே எடுத்துவைத்துச் சாப்பிடக் கொடுத்துவிடுங்கள். நலங்கு முடியும்வரை அவர் பசியோடு இருக்க வேண்டியதில்லை.

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போவதானால்?

ஊர் மாறினால் மருத்துவமனையும் மாறும். அங்கே குறைந்தது இரண்டு முறையாவது பரிசோதனைக்குப் போய் உங்கள் முகமும் காகிதமும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே 34ஆம் வாரத்துக்குள் போய்ச் சேருங்கள். எல்லா ஸ்கேன், ரத்த ரிப்போர்ட்டுகளையும் மூலமாகவே எடுத்துப் போங்கள். போனில் படமும் இருக்கட்டும். இரு ஊர்க் கிராம சுகாதார செவிலியருக்கும் சொல்லிவிடுங்கள்.

ரயிலில் கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு, மருத்துவச் சான்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் பின் சக்கரத்துக்கு மேலும் கடைசி வரிசையிலும் உட்காராதீர்கள். காரில் பெல்ட் வயிற்றின் மேல் வரக் கூடாது, வயிற்றுக்குக் கீழே தொடையை ஒட்டிப் போக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும்.

குழந்தை பிறக்கும் முன் எதுவும் வாங்கக் கூடாது என்கிறார்கள். துணிக்கு என்ன செய்வது?

வாங்கவே வேண்டாம். இருக்கிற பழைய பருத்தி வேட்டியும் சேலையும் போதும், கடைத்துணியைவிட மென்மையாகவும் இருக்கும். எட்டு முழ வேட்டி மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல் நீளம், ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் அகலம். கரையை நறுக்கிவிட்டு 60 செ.மீ. சதுரமாக வெட்டினால் 12 துண்டு கிடைக்கும், நான்கு முழத்தில் ஆறு. முக்கோணமாக மடித்துக் கட்ட இந்த அளவு சரியாக இருக்கும்.

30 துண்டு வேண்டும். முதல் வாரம் கழிந்ததும் குழந்தை நாளைக்கு 12, 15 துணி நனைக்கும். இரண்டு நாள் துணி கையில் இருந்தால்தான் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் பிறப்பதானால் 40, 45. மழையில் காயாத துணியை இஸ்திரி போட்டு உலர்த்துங்கள். ஈரத்தோடு கட்டினால் தொடையிடுக்கில் புண் வரும்.

வெட்டிய ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள். பிரிந்து தொங்கும் நூல் குழந்தையின் கால் விரலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ஏன் அழுகிறது என்று தெரியாமல் இரவெல்லாம் தூக்கிக்கொண்டு நடப்பார்கள், கடைசியில் பார்த்தால் விரல் நீலமாக வீங்கியிருக்கும்.

இன்னொன்றையும் முக்கியமாகக் கவனியுங்கள். பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்த துணியை அப்படியே எடுத்துக் குழந்தைக்குப் போர்த்தக் கூடாது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த ஆவியால் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது. துவைத்து இரண்டு மூன்று நாள் வெயிலில் காயப்போடுங்கள். அதற்குப் பிறகும் வாடை வந்தால் அந்தத் துணியைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். துவைக்க சாதாரணச் சோப்பே போதும், இரண்டு முறை அலச வேண்டும். வாசனைத் திரவமும் கிருமிநாசினியும் தேவையில்லை.

தூளி எங்கே, எப்படிக் கட்டுவது?

மின்விசிறிக் கொக்கியில் கட்டாதீர்கள். கான்கிரீட் போடும்போதே கம்பியில் பிணைத்து வைத்த தனிக் கொக்கியானால் நம்பலாம். மர உத்தரமானால் கரையான் இருக்கிறதா என்று ஆணியால் குத்திப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் இரும்புக் குழாயில் கட்டுவதானால் வெல்டிங் பிடித்த இடத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். மாசமாக இருக்கும்போது வீட்டில் ஆணி அடிக்க மாட்டோம் என்னும் வீடுகளில், இரும்புத் தொட்டில் ஸ்டாண்டை வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். அதில் ஸ்பிரிங் இருந்தால், ஸ்பிரிங் அறுந்தாலும் தொட்டில் விழாதபடி கொக்கிக்கும் கம்பிக்கும் இடையே ஒரு பருத்திக் கயிற்றைச் சற்றுத் தளர்வாகத் தனியே கட்டிவிடுங்கள்.

துணி பருத்திச் சேலையாக இருக்கட்டும். பாலியெஸ்டரில் முடிச்சு நழுவும், காற்றும் புகாது. இரண்டாக மடித்துக் கட்டி, அடிப்பாகம் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போகாமல் வையுங்கள். குறுக்கே ஒரு தொட்டில் கம்பு வைத்தால் துணி குழந்தையின் முகத்தின் மேல் மூடாது. முதல் முறை குழந்தையைப் போடும் முன் 25 கிலோ அரிசி மூட்டையை வைத்துப் பத்து நிமிடம் ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது விழும் இழுப்பு குழந்தையின் எடையைப்போலப் பல மடங்கு.

இதையும் சொல்ல வேண்டும்: முதல் சில வாரம் இரவுத் தூக்கத்துக்குத் தூளி ஏற்றதல்ல. வளைந்த துணியில் பச்சைக் குழந்தையின் மோவாய் நெஞ்சில் படிந்து மூச்சுக்குழாய் மடங்கலாம். சமமான பாயில் ஒற்றை விரிப்பு போட்டு, தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. பகலில் ஒருவர் பக்கத்தில் விழித்திருக்கும்போது தூளி. குழந்தை புரளத் தொடங்கினால் தூளியை விட்டுவிட வேண்டியதுதான்.

பிக்மி எண், உதவித்தொகை, விடுப்பு?

பிக்மி என்பது கர்ப்பிணிகளுக்கான அரசின் இணையப் பதிவு. அதில் கிடைக்கும் 12 இலக்க எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது தலைவலி. தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் இது வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடமோ, இணையத்தில் நீங்களேயோ பதியலாம். 102க்கு அழைத்தும் கேட்கலாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய் மதிப்பு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வரும். 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். பணம் தவணையாக வரும், நிபந்தனைகளைச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நின்றுபோகும் பணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான் நிற்கிறது: ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியல், கணக்கில் கணவர் பெயரின் இனிஷியல். ஐந்தாம் மாதத்திலேயே இதைச் சரிசெய்யுங்கள்.

மகப்பேறு சட்டப்படி முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு. அதில் எட்டு வாரம்வரை பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு.

பையில் என்ன இருக்க வேண்டும்?

இரண்டு பை. ஒன்று காகிதப் பை, சிறியது, யார் தோளிலாவது மாட்டியே இருக்க வேண்டும்: தாய் சேய் நல அட்டை, ரிப்போர்ட்டுகள், ரத்த வகைச் சான்று, இருவரின் ஆதார் நகல் நான்கு செட், காப்பீட்டு அட்டை, பேனா, பத்து ரூபாய் இருபது ரூபாய் நோட்டுகளாகச் சில்லறை.

மற்றது துணிப் பை: முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று, பெரிய அளவு நாப்கின் இரண்டு பாக்கெட், பழைய துண்டு மூன்று, குழந்தைத் துணி 12, போர்த்த மெல்லிய பருத்தித் துணி மூன்று, தொப்பி, ஃபிளாஸ்க், தட்டு, டம்ளர், வாளி, மக், துணைக்கு இருப்பவருக்குப் பாய், போர்வை, சார்ஜர். பால் புட்டியும் பால் பவுடரும் வேண்டாம், பையில் இருந்தால் அழும் முதல் ராத்திரியே அதைத் திறக்கச் சொல்வார்கள். அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டில் இரவு தங்கப் பெண் துணைதான் அனுமதி. யார் என்று முன்கூட்டிப் பேசி முடிவு செய்யுங்கள். கடைசி நேரத்தில் அத்தையா சித்தியா என்று வாசலில் நின்று பேசக் கூடாது.

கணவர் என்ன செய்ய வேண்டும்?

முடிவெட்டாமல் தாடி வளர்ப்பது சில வீடுகளில் வழக்கம், வளர்க்கட்டும். அதைத் தவிரவும் வேலை இருக்கிறது. மனைவியின் ரத்த வகை தெரிந்து, அதே வகையில் கொடுக்கக்கூடிய இருவரின் எண்ணை வைத்திருக்க வேண்டும். நெகடிவ் வகை என்றால் 28ஆம் வாரத்திலும், குழந்தை பாசிட்டிவாக இருந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளும் போட வேண்டிய ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வரும் இரண்டு ஓட்டுநர்களிடம் பேசிவைக்க வேண்டும். அந்த வழியில் ஒரு முறை இரவில் போய்ப் பார்க்க வேண்டும். ரயில்வே கேட், மூடிய நுழைவாயில் எல்லாம் அப்போதுதான் தெரியும். 108க்கு அழைத்தால் வீட்டு எண்ணைவிடப் பக்கத்துக் கோயிலோ ரேஷன் கடையோ அடையாளமாகச் சொல்வது உதவும். 108 பொதுவாக அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கே கொண்டுபோகும்.

சூட்டு வலியா, பிரசவ வலியா?

சூட்டு வலி வயிற்றின் முன்பக்கம் இறுகும், ஒழுங்கில்லாமல் வரும், நடந்தாலோ படுத்தாலோ தண்ணீர் குடித்தாலோ அடங்கும். சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கும் வழக்கத்தின் பலன் பாதி அந்தத் தண்ணீரில்தான். உடம்பில் நீர் குறைந்தால் வயிறு இறுகும். பிரசவ வலி இடுப்பின் பின்னாலிருந்து முன்னே சுற்றி வரும், இடைவெளி குறையும், பலம் கூடும், எதற்கும் அடங்காது.

கடிகாரம் பார்த்து எழுதுங்கள். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை இடைவெளி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம் என்றால் கிளம்புங்கள். மருத்துவமனை ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தால் பத்து நிமிட இடைவெளியிலேயே. முதல் பிரசவம் பெரும்பாலும் அரை நாளுக்கு மேல் எடுக்கும், குளித்துவிட்டு நிதானமாகக் கிளம்ப நேரம் உண்டு. இதெல்லாம் 37 வாரம் முடிந்தவர்களுக்கு. அதற்கு முன் ஒழுங்காக வலி வந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் போக வேண்டும்.

எதற்கெல்லாம் எண்ணாமல் உடனே கிளம்ப வேண்டும்?

பனிக்குடம் உடைந்தால், வலி இல்லாவிட்டாலும். நேரத்தையும் நிறத்தையும் குறியுங்கள். பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளே மலம் கழித்திருக்கிறது, உள்ளே நுழைந்ததும் அதைச் சொல்லுங்கள். சிறுநீரா பனிநீரா என்று சந்தேகமானால் சுத்தமான வெள்ளைத் துணியை வைத்து அரை மணி நேரம் பாருங்கள். தொடர்ந்து நனைந்தால் பனிநீர்.

மாதவிலக்குபோல ரத்தம் போனால் (சளியோடு இளஞ்சிவப்புக் கறை மட்டும் என்றால் பிரசவம் நெருங்குகிறது, அவசரமில்லை). விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீர் வீக்கம்: இவை ரத்த அழுத்தத்தின் அறிகுறிகள், 140/90 தாண்டினாலே காட்ட வேண்டும். மாலையில் கணுக்கால் மட்டும் வீங்கி காலையில் வடிவது சாதாரணம். காய்ச்சல், வலிப்பு, அசைவு குறைவு, விடாமல் கல்போல் இறுகிய வயிறு.

தேதி தாண்டிவிட்டது. விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

கூடாது. வயிற்றுப்போக்கில் நீர் வற்றிக் களைத்துப்போவார், குழந்தை உள்ளேயே மலம் கழிக்கவும் கூடும். குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு. 41 வாரம்வரை அசைவை எண்ணிக்கொண்டு, சொன்ன நாட்களில் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும். அதன்பிறகு வலி வரவழைப்பதா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

சேனை வைப்பது, வசம்பு, மை?

சர்க்கரைத் தண்ணீரும் தேனும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். அது மஞ்சளாக, சில சொட்டாகத்தான் வரும். முதல் நாளில் குழந்தையின் வயிறு கொள்வதும் அவ்வளவுதான். சேனை வைத்தே ஆக வேண்டும் என்னும் பெரியவர், கழுவிய விரலில் ஒரு சொட்டுத் தாய்ப்பாலைத் தொட்டு வைக்கட்டும், உறவும் கெடாது. வசம்பைக் கையில் கட்டலாம், சுட்டு உரைத்து உள்ளே கொடுக்க வேண்டாம். மை கண்ணுக்குள் கூடாது, திருஷ்டிக்கு உள்ளங்காலில் வையுங்கள். இதையெல்லாம் ஒன்பதாம் மாதத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும். பிரசவித்த களைப்பில் ஒரு பெண் மாமியாரிடமும் அம்மாவிடமும் வாதாட முடியாது.

பெயர் முடிவாகவில்லை. பிறப்பைப் பதிய முடியுமா?

முடியும். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும், பெயர் இல்லாமலே பதியலாம். ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டுவரை கட்டணத்தோடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட்வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழே ஆதாரம். எனவே மருத்துவமனையில் படிவம் நிரப்பும்போது தாய், தந்தை பெயரை ஆதாரில் உள்ள அதே எழுத்துகளில் சொல்லுங்கள். காகிதப் பையில் இருக்கும் ஆதார் நகலை நீட்டி, அதைப் பார்த்து எழுதச் சொல்வது இன்னும் நல்லது. வார்டை விட்டு வெளியேறும் முன் ஒரு முறை வாங்கி, எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.